பழைய டெக்: திருத்துவதா, பலகை மாற்றுவதா, பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?

ஏப்ரல் கடைசியில் பனி முழுக்கக் கரைந்து பின்வளவு கண்ணுக்குத் தெரிந்ததும் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். கேள்வி ஒன்றுதான்: டெக், அதாவது வீட்டின் பின்னால் இருக்கிற மரத்தளம், பழசாகிவிட்டது, என்ன செய்யலாம்? நான் தச்சன் இல்லை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் பின்னால் 2002இல் யாரோ கட்டிவிட்டுப் போன மரத் தளத்தோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியவன். ஒருமுறை தப்பாகச் செலவழித்தவன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாகக் கேட்டவர் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் இருக்கும் ஒரு அன்ரி. "தம்பி, மேலால ஒரு பூச்சு பெயின்ட் அடிச்சாக் காணாதோ?" என்றார்.

"அன்ரி, கீழ குனிஞ்சு பாத்தனீங்களோ?"

"கீழ என்ன கிடக்கு? குப்பைதான்."

அந்தக் குப்பைக்கு மேலேதான் பதில் இருக்கிறது. அதனால் எந்த வழி நல்லது என்று சொல்வதற்கு முன், எதை வைத்து முடிவெடுப்பது என்று பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது எலும்பு. நாம் நடக்கிற பலகை டெக்கின் தோல் மட்டும்தான். அதைத் தாங்குவது கீழே வரிசையாக ஓடும் ஜொயிஸ்ட் சட்டங்கள், அவற்றுக்கும் கீழே ஊரில் தீராந்தி என்போமே அந்த மாதிரி ஒரு பெரிய மரம், தூண்கள், நிலத்துக்குள் இறங்கும் கொங்கிரீட் அடி. வீட்டுப் பக்கத்தில் சுவரோடு டெக்கைப் பிணைக்கிற லெஜர் பலகை. இவை உறுதியாக இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு.

இரண்டாவது, இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள் என்பது. மூன்று வருடத்தில் விற்கப்போகிறவருக்கும் பேரப்பிள்ளை வரும்வரை இருக்கப்போகிறவருக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது.

மூன்றாவது, யாருடைய கை. மரம் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு முழு வார இறுதியைக் கேட்கும். முழங்காலில் குத்தியிருந்து பூசுகிற வேலை. "நானே செய்வன்" என்று மே மாதத்தில் சொல்பவர்கள் ஜூலையில் எங்கே இருக்கிறார்கள் என்று நேர்மையாக யோசியுங்கள்.

நான்காவது, முழுச் செலவு. கொன்ராக்டர் தருகிற விலைத்தாளில் வராத செலவுகளும் சேர்த்து. ஐந்தாவது, அதன்மேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் டெக் வெயில் காய்கிற இடம் மட்டுமில்லை. வீட்டுக்குள் மணக்கும் என்று மீன் பொரிக்கிற குசினி அதுதான், கோடையில் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு வளவும் அதுதான்.

## திருப்புளியோடு அரை மணி நேரம்

ஒரு திருப்புளியும் டோர்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரான திருப்புளியால் மரத்தைக் குத்தினால் நல்ல மரம் எதிர்க்கும், கொஞ்சம் குத்தி நின்றுவிடும். அரை அங்குலம் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்த இடம் உக்கிவிட்டது.

எங்கள் டெக்கில் முதலில் குத்தியது தொட்டி வைத்த இடங்களில். மே மாதம் வெளியே போகிற கறிவேப்பிலை ஒக்டோபரில்தான் உள்ளே வரும். ஐந்து மாதம் ஒரே இடத்தில், நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர். தொட்டியை நகர்த்தினால் பலகையில் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் திருப்புளி தேத்தண்ணியில் ஊறிய ரஸ்கில் இறங்குவது போல இறங்கியது. இரண்டு அங்குலம் தள்ளிக் குத்தினால் கல்லு மாதிரி இருந்தது. மரத்தை உக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அதனால் வளர முடியாது. மழையில் நனைந்து காய்கிற பலகை பல வருடம் தாங்கும், நனைந்து காய வழியில்லாத இடம்தான் போகும். எங்கே தண்ணீர் தங்குகிறதோ அங்கே குத்துங்கள்.

அப்படிப் பார்த்தால் குத்த வேண்டிய இடங்கள் தாமாகவே தெரியும்: ஜொயிஸ்டின் மேல்முகம், பலகையை இறுக்கிய ஆணித் துளைகள், தூண் மண்ணைத் தொடும் இடம், படிக்கட்டின் பக்கச் சட்டம் நிலத்தில் முட்டுகிற நுனி. படிக்கட்டு மட்டும் கெட்டிருந்தால் கவலைப்படாதீர்கள், அதைத் தனியாக மாற்றலாம்.

லெஜருக்கு வருகிறேன். டெக் இடிந்து விழுந்த செய்திகளில் மறுபடி மறுபடி வரும் காரணம் இந்த ஒரு பலகை. மூன்று விஷயம் பாருங்கள். வெறும் ஆணி மட்டும் அடித்திருக்கிறதா, இல்லை தடித்த போல்ட் போட்டிருக்கிறதா? வெறும் ஆணி என்றால் அது இழுபட்டு வெளியே வரும், ஆபத்து. பலகைக்கு மேலே சுவருக்குள் தண்ணீர் இறங்காமல் தகடு வளைத்து வைத்திருக்கிறதா? இல்லையென்றால் டெக் மட்டுமில்லை, அதன் பின்னால் இருக்கும் வீட்டு மரமும் உக்கலாம். மூன்றாவது, லெஜர் செங்கல்லில் பொருத்தியிருக்கிறதா? ஒன்ராறியோ வீடுகளில் வெளியே தெரிகிற செங்கல் பெரும்பாலும் போர்வை மாதிரி ஒரு அடுக்குத்தான். வீட்டைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டகம். அந்தப் போர்வையில் டெக்கின் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது.

இன்னொன்று, கட்டிய வருடம். 2003 முடியும்வரை வீட்டுப் பாவனைக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலைகளுக்கு அது நிறுத்தப்பட்டது. உங்கள் டெக் அதற்கு முந்தியது என்றால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் மெஷின் போட்டு உரஞ்சித் தூள் பறக்கவிடாதீர்கள், கழற்றிய துண்டுகளை நெருப்புக் குழியில் போட்டு எரிக்கவே எரிக்காதீர்கள். சாம்பலில் ஆர்செனிக் அப்படியே இருக்கும். மரக்கறிப் பாத்திக்கு வரம்பு கட்டவும் எடுக்க வேண்டாம்.

## வழி 1: திருத்தி, கழுவி, ஸ்டெயின் பூசுவது

எலும்பு நல்லது, பலகையில் ஐந்தாறுதான் போயிருக்கிறது என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கெட்ட பலகையைக் கழற்றி அதே அளவுப் புதுப் பலகை போடுங்கள். ஒரு ஜொயிஸ்டின் நுனி மட்டும் மெத்தென்று இருந்தால் பக்கத்தில் அதே உயரப் புதுச் சட்டம் ஒன்றைச் சேர்த்து இறுக்கலாம். புதுப் பலகையை அறுத்தால் அறுத்த முகத்தில் செம்பு கலந்த பாதுகாப்புத் திரவம் பூச மறக்காதீர்கள். மருந்து பலகையின் வெளி ஓரம் வரைக்கும்தான் ஏறியிருக்கும், நடுமரத்தில் மருந்து இருக்காது.

பலகையைக் கழற்றித் திருப்பிப் போடு, அடிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும் என்று ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் சொல்வார். சில வேளை சரிவரும். ஆனால் ஜொயிஸ்டோடு ஒட்டிக் கிடந்த இடத்தில்தான் ஈரம் தங்கும், அந்தப் பட்டை மேலே வந்தால் பார்க்கவும் நன்றாயிராது, உறுதியும் இருக்காது. ஆணியால் அறைந்த பலகையென்றால் கழற்றும்போதே பாதி வெடிக்கும்.

கழுவுவதில்தான் பலர் டெக்கைக் கெடுப்பது. பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து, கிட்டே பிடித்து அடித்தால் மரம் பஞ்சாகிவிடும். சாதாரண குளோரின் பிளீச்சும் மரநாரை அரிக்கும். ஒக்சிஜன் பிளீச் எனப்படும் தூளைக் கரைத்துத் தும்புக்கட்டையால் தேய்த்து, பிறகு ஒக்சாலிக் அமிலம் கலந்த பிரைட்னர் ஊற்றினால் சாம்பல் நிறமும் ஆணிக் கறுப்பும் போய்விடும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பெயின்ட் வேண்டாம். அன்ரியின் கேள்விக்கு அதுதான் நேரடிப் பதில். பெயின்ட் மரத்தின் மேல் தோலாக நிற்கும், கீழே புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் கொப்பளித்து உரியும், அடுத்த முறை முழுவதையும் சுரண்ட வேண்டும். நான் தப்பாகச் செலவழித்தது இதில்தான். வேலைக்கு வந்தவர் தடித்த பூச்சு ஒன்றைக் காட்டி, வெடிப்பெல்லாம் மூடும், பத்து வருடம் பார்க்கத் தேவையில்லை என்றார். இரண்டாவது குளிர்காலம் முடிய பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கிடந்தது. அதைச் சுரண்டிய நாட்களில் இரண்டு புது டெக் கட்டியிருக்கலாம். மரத்துக்குள் இறங்குகிற, மரத்தின் கோடு தெரிகிற ஸ்டெயின் போதும். அது மங்கும், உரியாது. மங்கினால் கழுவிவிட்டு மேலேயே பூசலாம்.

மறைந்த செலவு உங்கள் நேரம்தான். மழையில்லாத இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து வேண்டும், ரொறன்ரோ வசந்தத்தில் அது லேசில் கிடைக்காது. எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜில் போடவும் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவிடுங்கள்.

## வழி 2: எலும்பை வைத்துக்கொண்டு தோலை மட்டும் மாற்றுவது

பலகைகள் பாதிக்கு மேல் போயிருந்து, கீழே எல்லாம் உறுதியாக இருந்தால் இது நல்ல நடுவழி. கொங்கிரீட் அடி தோண்டுகிற செலவு மிச்சம். பலகை முழுவதையும் தூக்கிய நாளில் ஜொயிஸ்ட் ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் பியூட்டைல் என்ற ரப்பர் ஒட்டு நாடா ஒட்டிவிடுங்கள். துளை வழியே இறங்குகிற தண்ணீரைத் தடுக்கும். மொத்த வேலையில் இதைப் போல மலிவான காப்புறுதி வேறில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. மரப்பலகையை எடுத்துவிட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கொம்போசிட் பலகை போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் இரண்டு கேள்வி. பழைய ஜொயிஸ்டுகளின் இடைவெளி எவ்வளவு? கொம்போசிட் பலகைக்குப் பொதுவாக 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மூலைவாக்கில் போட்டால் 12. இருபது வருடத்துக்கு முந்திய டெக்குகளில் 24 அங்குலமும் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் நடுவே புதுச் சட்டங்கள் ஏற்ற வேண்டும். அடுத்தது வயது. கொம்போசிட்டுக்கு 25 வருட உத்தரவாதம் சாதாரணம். அதைப் பதினெட்டு வயது எலும்பின் மேல் போட்டால், பலகை புதுசாக இருக்க, கீழே இருப்பது உக்கும். பிறகு விலை கொடுத்த பலகையைக் கழற்றித்தான் கீழே திருத்த வேண்டும். எனவே எலும்பு பழசு என்றால் மேலே மரமே போடுங்கள். இரண்டும் ஒன்றாகவே வயதாகட்டும்.

திருகாணியிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2004க்குப் பிந்திய பதப்படுத்திய மரத்தில் செம்பு அதிகம், அது சாதாரண இரும்பை அரிக்கும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தது, அல்லது ஸ்டெயின்லெஸ், அல்லது அந்த மரத்துக்கென்றே பூச்சிட்டு விற்பது.

## வழி 3: பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது

லெஜர் உக்கியிருந்தாலோ, தூண்கள் சாய்ந்திருந்தாலோ, ஜொயிஸ்டில் மூன்றில் ஒன்று போயிருந்தாலோ, மற்ற இரண்டு வழியும் காசைக் குழியில் போடுவதுதான்.

புதிது என்றதும் சட்டம் வரும். ரொறன்ரோவில் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும், கைப்பிடி வேலியும் கட்டாயம். வேலியின் உயரம் குறைந்தது 90 செ.மீ., டெக் 1.8 மீட்டருக்கு மேல் என்றால் 107 செ.மீ. கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. பந்து நுழையக் கூடாது. சின்னப்பிள்ளையின் தலை நுழையாமல் இருக்கத்தான். கொங்கிரீட் அடி 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும். அவ்வளவு ஆழம் போகாவிட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து தூணைத் தூக்கும், வசந்தத்தில் இறக்கும், நான்கு வருடத்தில் கதவுப் பக்கம் ஒரு படி உயர்ந்து நிற்கும். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ ஒன் கோல் என்ற சேவைக்கு அறிவிப்பது கட்டாயம். நிலத்துக்குள் போகிற எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் இலவசமாக வந்து குறித்துத் தருவார்கள்.

விலைத்தாளில் பாருங்கள்: பழையதைப் பிடுங்கி அள்ளிப்போகிற பெரிய குப்பைத் தொட்டியின் வாடகை சேர்த்திருக்கிறதா? பெர்மிட் யார் எடுப்பது? 13 விழுக்காடு ஹெச்எஸ்டி விற்பனை வரி உள்ளடங்கியதா? "காசாகத் தந்தால் வரி வேண்டாம் அண்ணே" என்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை, வேலையாள் விழுந்து காலை உடைத்தால் அவருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்ற கேள்வி உங்கள் வாசலுக்கு வரும்.

சரி, மேலே என்ன பலகை?

பதப்படுத்திய மரம் மலிவு. எந்த மரக்காலையிலும் கிடைக்கும், பிழைவிட்டால் திருத்தலாம். பலகையில் சின்னச் சின்னக் கீறல் வரிசை இருக்கிறதே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், மருந்து உள்ளே இறங்க அப்படிக் குத்துவார்கள். வாங்கும்போது ஈரமாக இருக்கும், உடனே ஸ்டெயின் பூச வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாக நின்றால் பொறுங்கள், உறிஞ்சினால் பூசுங்கள். செடார் மரம் அழகு, மணம், கால் வைக்க இதம். ஆனால் மெதுமரம், கதிரைக் கால் பதியும். பராமரிப்பும் குறையாது.

அடுத்தது கொம்போசிட். மரத்தைவிடப் பலகை விலை இரண்டு மூன்று மடங்கு வரும், ஆனால் ஸ்டெயின் வேலை இல்லை. பராமரிப்பே வேண்டாம் என்று விற்பதை நம்பாதீர்கள். இலை விழுந்து ஊறினால் இதிலும் பூஞ்சைக் கறை வரும், சவர்க்காரத் தண்ணீரால் கழுவத்தான் வேண்டும். கடும் நிறம் எடுத்தால் ஜூலை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. பக்கத்தில் வெப்பம் தெறிக்கும் நவீனக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அந்த வெளிச்சம் குவிகிற இடத்தில் பலகை நெளியக்கூடும்.

மீன் பொரிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: கொதியெண்ணெய் சிந்திய கறையை உடனே துடைக்காவிட்டால் பல பலகைகளில் அது தங்கிவிடும். சூடான தாச்சியை நேரே வைத்தால் வட்டமாக உருகும். மரத்தில் அதே தவறு நடந்தால் ஒரு உரஞ்சுத்தாள் போதும். அடுப்பு டெக்கில்தான் நிற்கும் என்றால், அந்த மூலைக்கு மட்டும் கல் பதித்துவிட்டு மற்ற இடத்துக்குக் கொம்போசிட் போடலாம்.

## வழி 4: டெக்கே வேண்டாம்

பின்கதவு தரையிலிருந்து ஒரு படி இரண்டு படிதான் உயரம் என்றால், பிடுங்கிவிட்டு, ஒன்றோடொன்று பொருந்துகிற இன்டர்லாக் கல் பதிப்பது நல்ல யோசனை. உக்காது, தொட்டி எத்தனையும் வைக்கலாம். கல்லுக்குக் கீழே சரளையைக் கொட்டி இறுக்குவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதில் சுருக்கினால் இரண்டு குளிர்காலத்தில் அலை அலையாகிவிடும். சரிவு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பேஸ்மென்டுக்குத்தான். கதவு உயரமென்றால் இதை மறந்துவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | திருத்தி ஸ்டெயின் | பலகை மட்டும் | புது மர டெக் | புதுக் கொம்போசிட் | இன்டர்லாக் |
|---|---|---|---|---|---|
| எலும்பு | நல்லது | நல்லது | கெட்டது | கெட்டது | தேவையில்லை |
| கைக்காசு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | அதிகம் |
| பிந்திய வேலை | 2-3 வருடத்துக்கு ஒருமுறை | அதேதான் | அதேதான் | கழுவுவது மட்டும் | களை, மண் நிரப்புதல் |
| மறைந்த செலவு | உங்கள் வார இறுதி | ஜொயிஸ்ட் இடைவெளி | பெர்மிட், அடி | கைப்பிடி வேலி | வடிகால் |
| யாருக்கு | விரைவில் விற்பவர், கைவேலை பிடித்தவர் | 8-10 வருடம் இருப்பவர் | நீண்டகாலம், சிக்கனம் | நீண்டகாலம், நேரமில்லாதவர் | கதவு தாழ்ந்த வீடு |

கொம்போசிட்டுக்கு நேரே கைப்பிடி வேலி என்று போட்டதன் காரணம், அதே பொருளில் வேலியும் எடுத்தால் சில வேளை பலகை விலைக்குச் சமமாக வந்துவிடும். வேலியை அலுமினியத்தில் போட்டால் கொஞ்சம் இறங்கும்.

எந்த வழியானாலும் கொன்ராக்டரோடு ஜனவரி, பெப்ரவரியில் கதையுங்கள். மே மாதம் கூப்பிட்டால் ஓகஸ்டில் வருவார். குளிர்காலத்தில் பனி அள்ளப் பிளாஸ்டிக் அள்ளுகோலைப் பலகை ஓடுகிற திசையிலேயே தள்ளுங்கள். உப்புக் கொட்டாதீர்கள், ஆணியைத்தான் முதலில் தின்னும்.

மார்க்கம் அன்ரி வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய்க் கீழே நுழைந்து பார்த்தேன். ஜொயிஸ்டுகள் இரும்பு மாதிரி. லெஜர் மட்டும் செங்கல்லில், அதுவும் ஆணியால். மூன்று வருடத்தில் மகள் இருக்கும் ஏஜக்ஸ் நகருக்குப் போகிற யோசனை அவர்களுக்கு. பெர்மிட்டோடு, சுவரிலிருந்து சில அடி தள்ளி இரும்புத் திருகுத்தூண் மூன்று இறக்கி, அவற்றின் மேல் ஒரு தீராந்தி கொடுத்து, டெக்கை வீட்டிலிருந்து பிரித்துத் தானாக நிற்க வைத்தார்கள். ஒன்பது பலகை புதிது, மேலே தேன்நிற ஸ்டெயின். கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு அங்கிள் சில்லுப் பூட்டிய தட்டு வாங்கி வைத்திருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை உருட்டி இடம் மாற்றுவது அவருடைய வேலை, அன்ரி மேற்பார்வை.